காலிமுகத்திடலுக்கு டிக்கட் இல்லை

கொழும்பு காலிமுகத்திடலில் கடலோர நடைபாதையை ஒட்டி ஒரு பழைய கல் இருக்கிறது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை இது என்றும், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காகத் தமக்குப் பின் வருபவர்கள் இதைப் பேணவேண்டும் என்றும் அதில் பொறித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அங்கே குதிரைப் பந்தயம் நடந்தது. துரைமாரின் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் காற்று வாங்க வண்டியில் வந்தார்கள். கொட்டாஞ்சேனையின் ஒற்றை அறை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளை அந்தக் கல்லை நாட்டியவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். ஆனாலும் அந்தப் புல்வெளி கடைசியில் எங்களுக்குத்தான் வந்து சேர்ந்தது.

எழுபதுகளில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுதான். அப்பாவின் சம்பளத்தில் படம் பார்க்கப் போவது தீபாவளி, வருடப்பிறப்புக்கு மட்டும். மற்றபடி பின்னேரம் தலைவாரிப் பவுடர் பூசி, இ.போ.ச. பஸ்ஸில் கோட்டை வரை போய், அங்கிருந்து நடை. வழியில் பெரிய தூண்களோடு பாராளுமன்றம் நிற்கும். "இங்கதான் நாட்டுச் சட்டமெல்லாம் எழுதுறது" என்று அப்பா சொல்வார். அடுத்த நிமிடம் கடற்காற்று முகத்தில் அடிக்கும். அவ்வளவுதான், கையை உதறிக்கொண்டு ஓடிவிடுவோம்.

அம்மா வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ரொட்டியும் சம்பலும் இருக்கும். கையில் காசு இருந்த நாளில் ஒரு இறால் வடை வாங்கி, வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பங்கிடுவோம். வடைக்குமேல் ஒட்டியிருக்கும் இறால் யாருக்கு என்பதில் எப்போதும் சண்டை வரும். பட்டம் வாங்கித் தரமாட்டார் அப்பா. ஈர்க்கும் பழைய பத்திரிகைத் தாளும் கொண்டு அவரே கட்டித் தருவார். தென்மேல் காற்று வீசும் மாதங்களில் அந்தத் தாள் பட்டமும் கடைப் பட்டங்களுக்குச் சமமாக ஏறும். வடமேற்கே துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கப்பல்களை எண்ணுவது இருட்டும்வரை நடக்கும். இத்தனைக்கும் செலவு பஸ் காசு மட்டும்.

ஆடி மாதம் வந்தால் காலிமுகத்திடலுக்கு வேறு களை. செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலில் இருந்து வேல் புறப்பட்டுப் பம்பலப்பிட்டிக்குப் போகும் வழியில் கடலோரமாக வரும். தேரைப் பார்க்கச் சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர் எல்லாரும் வருவார்கள். கரும்பு விற்பவர்களுக்கு அன்றுதான் வருடப்பிறப்பு. வெசாக் என்றால் திரும்பவும் எல்லாருமாக வீதிக்கு இறங்குவோம். வெசாக் கூடுகளையும், மின்விளக்குகளால் புத்தரின் கதை சொல்லும் தோரணங்களையும் பார்த்துக்கொண்டே நடந்து, இலவசமாக உணவு கொடுக்கும் தன்சல் வரிசையில் நின்று சோறும் குளிர்பானமும் வாங்குவோம். யார் பிள்ளை, என்ன மொழி என்று அந்த வரிசையில் ஒருவரும் கேட்டதில்லை.

1983 யூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தோடு அது எல்லாம் மாறியது. வேல் விழாவின் பழைய கோலம் அதற்குப் பிறகு திரும்பவேயில்லை. நான் பிள்ளைகளை வளர்த்த ஆண்டுகளில் காலிமுகத்திடல் அதே இடத்தில்தான் இருந்தது, அப்போதும் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே போய்ச் சேரச் சோதனைச்சாவடிகள் இருந்தன. பையைத் திறக்கவேண்டும், அடையாள அட்டையைக் காட்டவேண்டும், அதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தால் ஓரமாக நிற்கவேண்டும். 1996 ஜனவரியில் மத்திய வங்கியில் குண்டு வெடித்தபின் கோட்டைப் பக்கம் பிள்ளைகளோடு போக யாருக்குத் துணிவு வரும்? என் பிள்ளைகள் கடலை வெள்ளவத்தை ரயில் பாதைக்கு இப்பால் நின்று பார்த்தே வளர்ந்தார்கள். அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது பேரப்பிள்ளைகளை நான் கூட்டிக்கொண்டு போகிறேன். பாராளுமன்றம் 1982இல் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேக்குப் போய்விட்டது, சட்டப்படி தலைநகரும் அதுதான். பழைய கட்டடம் ஜனாதிபதி செயலகமாகிவிட்டது. வீதிக்கு அந்தப் பக்கம் வானளாவிய ஹோட்டல்களும் கடைத்தொகுதியும். கப்பல்கள் நின்ற திசையில் கடலைத் தூர்த்து 269 ஹெக்டேயரில் துறைமுக நகர் எழும்புகிறது. கிழக்கே பார்த்தால் தாமரைக் கோபுரம். 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தபோது உள்ளூர்க்காரருக்கு ஆகக் குறைந்த டிக்கட்டே 500 ரூபா. ஐந்து பேர் உள்ள குடும்பம் ஒன்று அந்த லிஃப்டில் ஏறுமுன் எவ்வளவு யோசிக்கவேண்டும்!

முதல் நாள் சின்னவன் புல்லில் கால்வைக்கத் தயங்கி நின்றான்.

"அம்மம்மா, டிக்கட் எங்க எடுக்கிறது?"

"இங்க டிக்கட் இல்லை ராசா. ஓடு."

நம்பாமல் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஓடினான். விளையாடுவதற்கும் காசு கட்டவேண்டும் என்று ஐந்து வயதிலேயே ஒரு பிள்ளை பழகியிருந்தால், நகரம் அவனுக்கு எதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது என்று யோசிக்கவேண்டும்.

எல்லாம் கெட்டுப்போயிற்று என்று நான் சொல்லவில்லை. போர் முடிந்தபின் விகாரமகாதேவிப் பூங்காவின் வேலிகளை எடுத்தார்கள். நகரமண்டபத்துக்கு முன்னால் நின்றால் இப்போது பூங்கா முழுதும் கண்ணுக்குத் தெரிகிறது. சுதந்திர சதுக்கத்தில் காலையும் மாலையும் முழுக் குடும்பமாக நடக்கிறார்கள், பிள்ளைகள் சைக்கிள் பழகுகிறார்கள். பேரை வாவியில் கூழைக்கடாக்களைப் பார்க்க யாரும் காசு கேட்பதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் எல்லாச் சமயத்தவரும் மெழுகுதிரி கொளுத்துகிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று அத்தனை உயிர்களைப் பறிகொடுத்த பிறகும் அந்தக் கதவு எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது.

ஆனால் திடலுக்கு ஈடு திடல்தான். 2022 ஏப்ரலில் எரிவாயுவும் எரிபொருளும் இல்லாமல் நாடு தவித்தபோது மக்கள் தங்கள் கோபத்தைக் கொண்டுபோய் இறக்கி வைத்த இடமும் அதுவே. கூடாரங்களுக்கு நடுவே ஒரு நூல்நிலையம் இருந்தது. நோன்பு திறப்பும் அங்கே நடந்தது. மே 18 அன்று, போரில் இறந்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சியும் அங்கே கொடுத்தார்கள். கொழும்பின் நடுவில் அதைப் பார்ப்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. காசு கேட்காத, வாசல் இல்லாத ஒரு வெளி இருந்ததால்தான் அது முடிந்தது. டிக்கட் கொடுக்கும் பூங்காவில் காவலாளி முதல் நாளே கதவைப் பூட்டியிருப்பார்.

மாநகர சபையிடமும் அரசிடமும் கேட்பதற்கு எனக்குப் பெரிய ஆசைகள் இல்லை. தாய்மாரும் சிறுமிகளும் கூசாமல் போகக்கூடிய சுத்தமான மலசலகூடங்கள் போதியளவு வேண்டும், அவை இலவசமாக இருக்கவேண்டும். குடிதண்ணீர்க் குழாய் வேண்டும். முதியவர்கள் உட்கார நிழல் வேண்டும். "அபிவிருத்தி" என்ற பெயரில் அந்தப் புல்லில் ஒரு பேர்ச்சஸ்கூட யாருக்கும் குத்தகைக்குப் போகக்கூடாது.

வாசிக்கிற நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மக்கள் புழங்காத வெளியைத்தான் முதலில் வேலி போட்டு அடைப்பார்கள். வெள்ளவத்தையில் இருந்து புறக்கோட்டைக்குப் போகும் 100, 101 இலக்க பஸ்கள் திடலுக்கு முன்னால்தான் போகின்றன. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு போனால் வெயில் சுடாது. தண்ணீர்ப் போத்தலை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.