முடிந்தது சிகிச்சை, வந்தார் நோயாளி

1910-இல் வியன்னாவில் ஃப்ராய்டின் சோபாவில் படுத்த ருஷ்யச் சீமான் வீட்டுப் பிள்ளை செர்கேய் பங்கேயெவ் எழுந்திருக்கிற வழியாகத் தெரியவில்லை. மரத்தில் வெள்ளை ஓநாய்கள் உட்கார்ந்திருந்த கனவைச் சொல்லி 'ஓநாய் மனிதர்' என்று பேர் வாங்கியவர். மரியாதையாக வருகிறார், பேசுகிறார், ஒன்றும் நகரவில்லை. கடைசியில் ஃப்ராய்டு கெடு வைத்தார்: இன்ன தேதியோடு சரி, குணமானாலும் ஆகாவிட்டாலும். வீட்டுக்காரர் குடித்தனக்காரரிடம் பேசுகிற தோரணை. உடனே மனக்கதவெல்லாம் திறந்துகொண்டதாம். சிகிச்சையின் முடிவை முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள் என்கிறார்கள் இன்றைய ஆலோசகர்கள். ஃப்ராய்டுக்கு அது தோன்ற வருஷக்கணக்காயிற்று.

போகும்போது பரிசு கொடுத்தால் நன்றிக்கடனின் பாரம் குறையும் என்று யோசனை சொன்னவரும் அவரே. பங்கேயெவ் எகிப்தியச் சிலை ஒன்றைக் கொடுத்தார். டாக்டர் பழஞ்சிலைப் பைத்தியம் என்பதை இங்கே நாம் கண்டுகொள்ள வேண்டாம்.

1914-இல் சுபம். 1919-இல் மறுபடி சோபா. புரட்சியில் சொத்து போய்விட்டதால் இந்தத் தடவை இலவசம். போதாததற்கு ஃப்ராய்டே அவருக்காகப் பணம் வசூலித்தார். 1926-இல் பங்கேயெவுக்குத் தன் மூக்கைப் பற்றிய கவலை வந்தது. ஃப்ராய்டு தன் சிஷ்யை ரூத் மாக் பிரன்ஸ்விக்கிடம் அனுப்பிவைத்தார். 1937-இல், மனப்பகுப்பாய்வுக்கு முடிவு உண்டா என்று கட்டுரையே எழுதினார். அதில் இந்தக் கெடு விவகாரமும் வருகிறது.

ஃப்ராய்டு 1939-இல் காலமானார். நோயாளி 1979 வரை இருந்தார். கடைசி வருஷங்களில் ஒரு பத்திரிகையாளரிடம், தான் குணமாகவே இல்லை என்று சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.