மறுபடியும் நாசாவா!

மயாமி துறைமுகத்தில் அவரைக் கண்டுபிடிப்பது எளிது. புதிதாகக் கப்பலேற வந்தவர்கள் அண்ணாந்து படமெடுத்துக்கொண்டு நீண்ட வரிசையில் நகர, அவர் பக்கத்தில் ஓடும் குட்டை வரிசையில் நிற்பார். அது பழைய வாடிக்கையாளர்களுக்கென்று ஒதுக்கிய வரிசை. கழுத்துப்பட்டை நிறைய பின்கள், கப்பலுக்கென்றே வைத்திருக்கும் பூப்போட்ட சட்டை, கையில் ஒரே ஒரு சின்னப் பை. வயது அறுபத்தைந்துக்கு மேல். ஒஹையோவிலோ மிச்சிகனிலோ ஆயுள் முழுக்கப் பனி தள்ளிவிட்டு, ஓய்வுபெற்ற கையோடு புளோரிடாவில் குடியேறியவர். ஃபோர்ட் லாடர்டேலிலும் போர்ட் கானவெரலிலும் இதே சட்டையில் இதே மனிதர் நிற்பார்.

எல்லாருக்கும் கப்பலேறும் சந்தோஷம். அவர் முகத்தில் மட்டும் சலிப்பு. காரணம், பயணத்திட்டத்தின் மூன்றாவது வரி.

“மறுபடியும் நாசாவா!”

பஹாமாஸ் தலைநகரான நாசாவின் மீது அவருக்குத் தனிப்பட்ட பகை எதுவுமில்லை. அங்கே பார்க்க அவருக்கு எதுவும் பாக்கியில்லை, அவ்வளவுதான். வைக்கோல் சந்தையில் வாங்கிய தொப்பிகள் வீட்டு கராஜில் ஓர் அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கின்றன. அடிமைகள் சுண்ணாம்புப் பாறையை வெட்டி உண்டாக்கிய ராணிப் படிக்கட்டுக்கு 66 படி என்று பேர். தளம் போட்டதில் ஒரு படி புதைந்துவிட்டதால் எண்ணினால் 65தான் வரும். இதை கைடு வாயைத் திறக்குமுன் கூட்டத்துக்குச் சொல்லிவிடுவது அவர்தான். கொசுமெலில் எந்தக் கப்பல்துறையில் இறங்கினால் டாக்சிக்காரர் என்ன கேட்பார் என்பது தெரியும். செயின்ட் மார்ட்டனில், கடற்கரைக்காரர்களின் தலையை உரசுவதுபோல விமானம் இறங்கும் மாஹோ கரையில், வரப்போகிற விமானம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பக்கத்திலிருப்பவருக்கு முன்கூட்டியே சொல்வார். செயின்ட் தாமஸ் நகைக்கடைகளில் அவர் மனைவியைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அவருக்கு அதுதான் பெரிய கவலை.

கப்பல்கள் ஏன் நாசாவையே சுற்றிச்சுற்றி வருகின்றன என்பதை லிஃப்டில் அகப்பட்ட எவருக்கும் விளக்க அவர் தயார். 1886இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே மட்டும் பயணிகளை ஏற்றியிறக்கக் கூடாது. உள்நாட்டுக் கப்பல்காரர்களின் பிழைப்பைக் காக்க வந்த ஏற்பாடு அது. இன்று மயாமியிலிருந்து புறப்படும் பெருங்கப்பல்களில் பறப்பதோ பஹாமாஸ், பனாமா, மால்டா கொடிகள். ஆகவே நடுவில் ஏதாவது ஓர் அந்நிய மண்ணைத் தொட்டே தீரவேண்டும். பக்கத்திலிருக்கும் அந்நிய மண் பஹாமாஸ். தூரம் குறைந்தால் எரிபொருள் மிச்சம். கரையில் நிற்கும்போது மூடிக்கிடக்கும் காசினோ, கடலுக்கு வந்தால்தான் திறக்கும்; மெதுவாக ஓட்டினால் திறந்திருக்கும் நேரமும் கூடும். இத்தனையும் சொல்லி முடிப்பதற்குள் லிஃப்ட் பதினான்காம் தளத்தைத் தாண்டிவிடும். கேட்டுக்கொண்டிருந்தவர் ஐந்தாம் தளத்தில் இறங்கவேண்டியவர்.

ஊர் அலுத்தால் கப்பல் நிறுவனத்தை மாற்றிவிடலாம் என்பது அவர் கண்ட வழி. ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த ஞானம் வரும். அன்று சாப்பாட்டு மேசையில் விளம்பரப் புத்தகங்கள் விரியும். பெண்ணைப் பெற்றவர் பத்து ஜாதகங்களைப் பரப்பிவைத்துப் பொருத்தம் பார்க்கும் கோலத்தில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு உட்காருவார்.

முதலில் அகப்படும் தடங்கல், எல்லா ஜாதகமும் மூன்று நான்கு குடும்பத்துக்குள் அடங்கிவிடுவது. கார்னிவல் பிடிக்கவில்லையென்று பிரின்சஸுக்குப் போனால் அதுவும் கார்னிவல் குழுமம். ஹாலந்து அமெரிக்கா, குனார்ட், கோஸ்டா எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். ராயல் கரீபியனிடம் கோபித்துக்கொண்டு செலிப்ரிட்டிக்குப் போனால் காசு அதே கல்லாவில் விழும். நார்வீஜியனோடு ஓஷியானியாவும் ரீஜென்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஜெனீவாவில் அலுவலகம் வைத்திருக்கும் எம்எஸ்சி ஒரு தனிக்குடும்பம்.

கார்னிவல் பேச்சு வந்தால் ஒரு கதையை அவர் விடமாட்டார். 1972இல் அந்நிறுவனத்தின் முதல் கப்பலான மார்டி க்ரா, கன்னிப் பயணத்திலேயே மயாமி கரையருகே மணல்திட்டில் தட்டி நின்றது. “அந்த ஜனங்களுக்குத்தான் யாரும் பார்க்காத இடம் கிடைத்தது!” என்பார் பெருமூச்சோடு.

இரண்டாவது தடங்கல் தீவுகள். துறைமுக ஊர்கள் அலுக்கும் என்பதை நிறுவனங்கள் அவருக்கு முன்பே கண்டுகொண்டன. நார்வீஜியன் 1977இலேயே பஹாமாஸில் கிரேட் ஸ்டிரப் கே என்ற குட்டித் தீவைப் பிடித்துப்போட்டது. டிஸ்னி 1998 முதல் காஸ்டவே கேயில் கப்பலைக் கட்டுகிறது. மணல் தோண்டிக்கொண்டிருந்த ஓஷன் கேயை எம்எஸ்சி துப்புரவாக்கி 2019இல் திறந்தது. அதே ஆண்டு ராயல் கரீபியன், கோகோகேயில் 135 அடி உயரச் சறுக்குக் கோபுரத்தை நிறுத்தியது. 2025இல் கார்னிவல் தன் பங்குக்கு கிராண்ட் பஹாமாவில் செலிப்ரேஷன் கீயைத் திறந்தது. கடலும் மணலும் சாய்வுநாற்காலியும் எங்கும் ஒன்றே. குடையின் நிறத்தைப் பார்த்துத்தான் யாருடைய தீவு என்று சொல்லவேண்டும்.

ஒருமுறை கோகோகே அலுத்து, வீம்பாக நார்வீஜியனுக்குத் தாவினார். தீவில் இறங்கி, நாற்காலியில் சாய்ந்து, நிமிர்ந்து பார்த்தால் கடலுக்கு அந்தப்புறம் பரிச்சயமான சறுக்குக் கோபுரம். இரண்டு தீவும் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பவை. நிறுவனம் மாறியதில் அவருக்குக் கிடைத்தது, பழைய இடத்தை எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து பார்க்கும் யோகம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு மாறிவிடுவார்தான். காலைப் பிடித்திழுப்பது பட்டம். ராயல் கரீபியனில் ஓர் இரவுக்கு ஒரு புள்ளி. சூட் அறை எடுத்தால் இரண்டு. 80 புள்ளி சேர்ந்தால் வைர உறுப்பினர், தினமும் நான்கு பானம் இலவசம். 700 சேர்ந்தால் பினாக்கிள் என்ற சிகரம். அந்தச் சிகரத்தில் இருப்பவர்கள் காலையுணவுக்கு வரும்போது அவர் எழுந்து நிற்பதில்லையே தவிர, முதுகை நிமிர்த்திக்கொள்வார். வேறு நிறுவனத்துக்குப் போனால் இதெல்லாம் கரைந்து, முதல்முறை வருபவர்களோடு நீண்ட வரிசையில் நிற்கவேண்டும். அந்த வரிசையை நினைத்தாலே அவருக்கு முழங்கால் வலிக்கும்.

இந்த நோயை எம்எஸ்சி நன்றாக அறிந்துவைத்திருக்கிறது. வேறு நிறுவனத்தில் வாங்கிய பட்டத்தைக் காட்டினால், ஈடான பட்டத்தைத் தன்னிடமும் தருகிறது. அவர் உடனே அதை வாங்கிவிட்டார். அந்தக் கப்பலில் ஏறினாரா என்று கேட்கக் கூடாது.

மனைவி ஒருநாள் சின்னக் கப்பல்களின் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். வழி என்று ஒன்று இருந்தால் அது இதுதான். 2024இல் ஓடத்தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ், நெருக்கியடித்தால் 7,600 பயணிகளை ஏற்றும். அந்த உருவத்துக்கு ஏற்ற கப்பல்துறை கரீபியனில் எத்தனை ஊரில் இருக்கும்? கப்பல் பெருக்கப் பெருக்க ஊர் சுருங்குகிறது. 148 பேர் மட்டும் போகும் விண்ட் ஸ்டார் போன்ற பாய்மரக் கப்பலோ பெக்வி, நெவிஸ், ஜோஸ்ட் வான் டைக் என்று பெருங்கப்பல்கள் எட்டிப்பார்க்காத சின்னத் தீவுகளின் ஓரத்தில் நங்கூரம் போடும். எழுநூறு பேர் அளவிலுள்ள அஸமாராவின் கப்பல்கள் பல ஊர்களில் இரவும் தங்கி, மறுநாள்தான் கிளம்பும்.

அவர் புத்தகத்தைக் கவனமாகப் படித்தார். பிறகு கேள்விகள் தொடங்கின.

“ஐஸ் ஷோ?”

“இல்லை.”

“காமெடி?”

“இல்லை. புது ஊர் இருக்கிறது.”

“கரைக்குப் படகில் போகவேண்டுமா?”

“ஆமாம்.”

“கிராண்ட் கேமனில் படகுக்காக நின்றது ஞாபகமிருக்கிறதா?”

ஞாபகமிருந்தது. அந்தத் தீவில் பெருங்கப்பல் அணையும் துறை கிடையாது. கட்டலாமா என்று 2025 ஏப்ரலில் வாக்கெடுப்பு வைத்தபோது தீவுக்காரர்கள் வேண்டாமென்றுவிட்டார்கள். அதை அவர் இன்றுவரை தனக்கு எதிராகப் போட்ட ஓட்டாகவே எண்ணுகிறார்.

கடைசிக் கேள்வியைத் தயங்கித்தான் கேட்டார். “வைரத்துக்கு அங்கே என்ன கொடுப்பார்கள்?”

மனைவி புத்தகத்தை மூடிவிட்டார்.

இத்தனை ஆராய்ச்சிக்கும் நடுவே ஓர் உண்மையைக் கவனிக்கவேண்டும். கப்பல் கரையணையும் நாளில் ஆயிரக்கணக்கான பேர் இறங்கிப்போக, இவர் இறங்குவதில்லை. அன்றைக்குத்தான் நீச்சல்குளம் காலி. விடியற்காலையில் துண்டு போட்டு இடம்பிடித்துவிட்டு மாயமாகிறவர்களின் தொல்லை இல்லை. பஃபேயில் ஆம்லெட்டுக்கு வரிசை இல்லை. பதினோரு மணிக்கு வெந்நீர்த்தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்து, எதிரே தெரியும் நாசாவைப் பார்த்து, தன்னைப்போலவே தங்கிவிட்ட இன்னொரு வைரத்திடம், “எத்தனை முறைதான் இந்த ஊரையே காட்டுவான்?” என்பார். அவரும் ஆமாம் போடுவார். மதியம்வரை பேச்சு வளரும். அந்த நேரம் அவர் முகத்திலிருக்கும் பூரிப்பை வேறெந்த ஊரும் தந்ததில்லை.

சென்ற பயணத்தில், அடுத்த பயணத்தை விற்பதற்கென்றே கப்பலுக்குள் போட்டிருக்கும் மேசைக்குப் போனார். அங்கே முன்பணம் கட்டினால், கப்பலுக்குள் செலவழிக்கக் கொஞ்சம் கூப்பன் பணம் கிடைக்கும். மேசைக்காரப் பெண் மேற்கு கரீபியன் என்றாள், கொசுமெல். கிழக்கு என்றாள், செயின்ட் தாமஸ். பஹாமாஸ் என்று அவள் தொடங்கியபோதே கையைத் தூக்கினார். பிறகு அவள் வேறொரு பக்கத்தைத் திருப்பினாள். கோடைப் பருவத்துக்காக ஏப்ரலில் கப்பல்கள் ஐரோப்பாவுக்கு இடம்பெயரும்போது ஆளையும் ஏற்றிக்கொண்டு போகும் பயணம். மயாமியில் ஏறினால் பார்சிலோனா. 13 இரவு. பெரும்பகுதி வெறும் கடல். முடிவது வேறு நாட்டில் என்பதால் 1886ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொல்லையும் இல்லை.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நடுவில் எங்கேயும் நிற்காதா?”

“அசோர்ஸ் தீவுகளில் ஒரே ஒரு நாள் நிற்கும், சார். பொன்டா டெல்காடா. இதுவரை பார்த்திருக்கிறீர்களா?”

“இல்லை” என்றார். “அன்றைக்கு வெந்நீர்த்தொட்டி எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?”