முதல் நாளே பார்த்தவர்கள்

'அன்பே சிவம்' படத்தைத் தியேட்டரிலேயே பார்த்துவிட்டதாக இன்று சொல்லாத ஆள் இல்லை. சொல்கிற எல்லோரும் 2003 பொங்கலுக்கு டிக்கெட் எடுத்திருந்தால் படம் வெள்ளிவிழா கண்டிருக்கும். மதுரையில் நானும் நண்பனும் போன காட்சியில் கால் நீட்டிப் படுக்கலாம் போல இருந்தது. முறுக்கு விற்றவர் எங்கள் வரிசைக்கு மூன்று தடவை வந்தார். வேறு வரிசைகளில் ஆள் இல்லை.

நாங்களும் ரசனைப் பிடிப்போடு போனவர்கள் இல்லை. அதே பொங்கலுக்கு வந்த விக்ரமின் 'தூள்' வாசலில் ஹவுஸ்ஃபுல் போர்டு தொங்கியது. எந்த வாசலில் தள்ளுமுள்ளு இல்லையோ அங்கே நுழைந்தோம். சுந்தர்.சி படம் என்றதும் நண்பனுக்குத் தெம்பு. 'உள்ளத்தை அள்ளித்தா' எடுத்தவர் சிரிக்க வைக்காமல் விடுவாரா?

சிரிக்கத்தான் வைத்தார். மழையால் புவனேஸ்வரத்தில் விமானம் ரத்து. விளம்பரப் படம் எடுக்கிற மாதவனும், சோடாபுட்டிக் கண்ணாடியும் தழும்பு முகமுமாக விந்தி நடக்கிற கமலும் எப்படியாவது சென்னை வந்து சேர வேண்டும். அவருக்குச் சந்தை, இவருக்குச் செங்கொடி. வழியெல்லாம் முட்டிக்கொள்கிறார்கள். 1987-இல் வந்த 'பிளேன்ஸ், ட்ரெயின்ஸ் அண்ட் ஆட்டோமொபைல்ஸ்' சாயல் உண்டு. ஆனால் அந்த அமெரிக்கர்களுக்கு வீடு போய்ச் சேருவதுதான் கவலை. இவர்களுக்கோ கடவுள் உண்டா இல்லையா என்பதும் வழியிலேயே தீர்ந்தாக வேண்டும். மதன் வசனம். கார்ட்டூன் போட்ட கை என்பது மாதவன் எரிந்து விழுகிற இடங்களிலெல்லாம் தெரியும்.

பிளாஷ்பேக் வந்தது. வீதி நாடகம், முதலாளி நாசர், அவர் மகளோடு காதல். "என்னடா மாப்ள, பேசியே கொல்றாங்க" என்று சொல்லிவிட்டு நண்பன் தூங்கிப் போனான். அந்தப் பகுதி கொஞ்சம் நீளம்தான். இதை இன்று வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள். படம் ஓடவில்லை. அதே வருஷம் அதே இயக்குநரின் 'வின்னர்' வந்து, கைப்புள்ள வீடு வீடாகப் புகுந்தார்.

இப்போது நண்பன் வங்கியில் மேலாளர். அவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மாதம் ஒரு முறையாவது கமலின் சோடாபுட்டி வந்துவிடும். படத்தில் சுனாமி பற்றி ஒரு பேச்சு வருமே, 2004 டிசம்பருக்கு முன்னாலேயே சொன்ன தீர்க்கதரிசி என்று கமலைக் கொண்டாடுகிறான். அன்று எங்கள் வரிசையில் அந்த இடத்தில் யாரும் நிமிர்ந்துகூட உட்காரவில்லை. "அப்ப ஜனங்களுக்கு ரசனை இல்லடா" என்கிறான். அந்த ஜனங்களில் தன்னைச் சேர்ப்பதாக இல்லை. தூங்கியதை ஞாபகப்படுத்தினால், கண்ணை மூடி வசனத்தைக் கேட்டானாம்.

போன மாதம் வைகை எக்ஸ்பிரஸில் சென்னை போனோம். நண்பனுக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், மடியில் மஞ்சப்பை. திண்டுக்கல் தாண்டுவதற்குள் பேரன் படிப்பு, மூட்டுவலி, ஊர்க் கண்மாய் ஆக்கிரமிப்பு எல்லாம் ஆரம்பித்துவிட்டார். நண்பன் இரண்டு முறை "ம்ம்" என்றான். பிறகு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, போனில் 'அன்பே சிவம்' போட்டுவிட்டான். முன்பின் தெரியாத இருவர் வழிநெடுகப் பேசிப் பேசியே சிநேகம் ஆகிற காட்சிகளில் அவனுக்குக் கண் கலங்கியது.

பெரியவர் நண்பனைத் தாண்டி என் பக்கம் குனிந்தார். "தம்பி என்ன படம் பாக்குறாரு?"

"கமல் படம்ங்கய்யா, 'அன்பே சிவம்'."

"அது ஓடலயேப்பா" என்றார். "வந்த புதுசுல நான் பாத்தேன். கொட்டகையில ஆளே இல்ல."