ஓரத்துண்டிலிருந்து ஓவிய மேதை வரை

இத்தாலிக்கு விசா வேண்டாம். ஃப்ளாரன்ஸில் உஃபிஸி அருங்காட்சியக வாசலில் வரிசையில் நிற்க வேண்டாம். கையில் போன், போனில் ஜிக்சா பசில், பக்கத்தில் சார்ஜர். மறுமலர்ச்சிக் கால ஓவியங்களைக் கரைத்துக் குடிக்க இவ்வளவு போதும். கீழ்க்கண்ட வழிகளைத் தவறாமல் கடைப்பிடிக்கவும்.

1. ஓரத்துண்டுகளை முதலில் சேருங்கள். பசில் உலகின் முதல் விதி இதுதான். வத்திக்கான் அரண்மனைச் சுவரில் ராஃபேல் வரைந்த 'ஏதென்ஸ் பள்ளி'யை இப்படித் தொடங்கினால், நடுவில் வரும் பிளேட்டோவுக்கும் அரிஸ்டாட்டிலுக்கும் முன்பே ராஃபேலைச் சந்தித்துவிடலாம். வலது ஓரத்தில், கறுப்புத் தொப்பியுடன், நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். படத்தைச் சதுரமாக்கும் அவசரத்தில் ஆப் அவரை வெட்டியிருந்தால், தத்துவ ஞானிகளோடு திருப்தி அடையவும்.

2. துண்டு காணவில்லை என்று புகார் எழுதாதீர்கள். லியனார்டோ டா வின்சியின் 'இறுதி இராவுணவு' மிலானில் ஒரு மடத்தின் உணவுக்கூடச் சுவரில், ஏறக்குறைய 9 மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கிறது. அதில் இயேசுவின் பாதங்கள் இருக்காது. கதவை வைக்க 1652-ல் அந்த இடத்தை மடத்துக்காரர்களே வெட்டிவிட்டார்கள். ஆப்புக்கு ஒரு ஸ்டார் கொடுத்துப் பயனில்லை.

3. வீனஸைப் பார்த்து ஏமாறாதீர்கள். போட்டிசெல்லியின் 'வீனஸின் பிறப்பு' படத்தில் சிப்பிமேல் நிற்கும் தேவியை யாரும் சேர்த்துவிடுவார்கள். சோதனை கடலில் இருக்கிறது. அலை என்று சின்னச் சின்ன 'வி' எழுத்தாகப் போட்டுவைத்திருக்கிறார் மனுஷர். எந்தத் துண்டும் எங்கும் பொருந்துவதுபோல் தோன்றும். ரோஜாதான் வழிகாட்டி: பூ உதிரும் துண்டு என்றால் காற்றுத் தேவன் பறக்கும் இடப்பக்கம்.

4. மோனா லிசாவின் கன்னத்தைத் தாடையில் வைத்ததற்கு வெட்கப்படாதீர்கள். கோடே தெரியாமல், மெல்லிய பூச்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி வெளிச்சத்தை நிழலில் கரைப்பது லியனார்டோவின் கைவித்தை. ஸ்ஃபுமாட்டோ என்பார்கள். உதடு எங்கே முடிகிறது என்று அவரே சொல்லாதபோது, பசில் போடுகிறவர் என்ன செய்வார்?

5. கீழ்வரிசையில் இழுபட்டுக் கிடக்கும் சாம்பல் நிறத் துண்டுகளைப் பார்த்து ஆப் கெட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். அது ஹான்ஸ் ஹோல்பைன் 1533-ல் வரைந்த 'தூதர்கள்'. போனைச் சாய்த்துப் பிடித்து, வலப்பக்கத்தில் ஓரக்கண்ணால் பாருங்கள்: மண்டையோடு! பட்டும் மென்மயிரும் அணிந்த இரண்டு பெரிய மனிதர்களின் காலடியில் மரணத்தை ஒளித்துவைத்திருக்கிறார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் உங்களை என்ன நினைத்தாலும் சட்டை செய்யாதீர்கள். கலைக்கு விலை உண்டு.

6. ஹின்ட் பட்டனைத் தொடாதீர்கள். உங்களைத் திணறடித்த துண்டுகளைக் கணக்கெடுத்துப் பாருங்கள்: கோடில்லாத கன்னம், கோணலாய் இழுத்த மண்டையோடு. ஓவியர் தம் வித்தை முழுவதையும் இறக்கிய இடங்கள் அவை. சுலபமாகப் பொருந்தியவற்றைவிட, பொருந்த மறுத்தவையே பாடம் நடத்தின.

கடைசித் துண்டு விழுந்ததும் 'அடுத்த லெவல்' என்று திரை கூப்பிடும். விரலை ஒரு நிமிடம் கட்டிப்போட்டு, முழுப் படத்தையும் பாருங்கள். அந்த ஒரு நிமிடம் பார்க்காதவர் ஆயிரம் பசில் முடித்தாலும் மேதை இல்லை. வேகமாக விரல் ஓட்டத் தெரிந்தவர், அவ்வளவுதான்.