மயிரிழையில் போன பணம்

கேள்வி: பிடிபிடிஎன் உயர்கல்விக் கடனில் படிக்கிறேன். இந்தப் பருவத்தில் சராசரிப் புள்ளி 1.92. வெறும் 0.08-க்காகவா பணத்தை நிறுத்துவார்கள்?
– கல்லூரி மாணவர், கிள்ளான்

பதில்: நிறுத்துவார்கள் தம்பி. 2.00 எட்டினால்தான் அடுத்த பருவத்துக்குப் பணம். 1.99 வாங்கியவரும் உங்கள் பெஞ்சில்தான்!

கல்லூரி கோலாலம்பூர் பக்கம் என்றால், கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குக் கம்யூட்டர் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். உட்கார இடம் கிடைத்ததும் கையில் எதை எடுக்கிறீர்கள், நோட்டையா, கைப்பேசியையா? அந்த 0.08 அங்கேதான் தொலைந்திருக்கும்.

1997-இல் உருவான பிடிபிடிஎன் நிதிக் கழகம் கறார்தான். ஆனால் பட்டப்படிப்பில் முதல் வகுப்பு எடுத்தால், சில நிபந்தனைகளோடு, மொத்தக் கடனையும் தள்ளுபடி செய்கிறது. எந்த வட்டிக்கடைக்காரர் அப்படிச் செய்வார்?

முதலில் கல்லூரியின் மாணவர் விவகாரப் பிரிவுக்குப் போங்கள். கேஎல் சென்ட்ரலை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சோறு எங்கும் ஓடிவிடாது.