எட்டில் சனி

போன வருஷம் வரைக்கும் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரைப் போடுவதற்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் யுபிஎஸ் பொத்தான். அது கத்தும், கத்தி ஓயும்வரை பொறுக்க வேண்டும். பிறகு சிபியு பெட்டியின் பொத்தானை அமுக்கிவிட்டு, பெட்டியின் இடது விலாவில் உள்ளங்கையால் ஒரு தட்டு. பலமாகத் தட்டினால் அணைந்துவிடும்; மெதுவாகத் தட்டினால் காற்றாடி சுற்றாது. என் மகளுக்கு இந்தக் கைப்பக்குவம் பத்து வயதிலேயே வந்துவிட்டது, எனக்குக் கடைசிவரை வரவில்லை. அடுத்து, கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு புகார் வரும். எஃப்1 அமுக்கினால் மன்னித்துவிடும். விண்டோஸின் புள்ளிகள் வட்டமடிக்கத் தொடங்கியதும் எழுந்துபோய் அடுப்பில் பாலை வைக்கலாம். பால் பொங்கி, காப்பி கலந்து, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால் மவுஸ் அம்பு நகரத் தயாராக இருக்கும். என்ன செய்வதற்காகப் போட்டோம் என்பது அதற்குள் மறந்திருக்கும்.

2012 விஜயதசமியன்று குரோம்பேட்டையில் ஒரு தம்பி அசெம்பிள் செய்து கொடுத்த பெட்டி இது. இரண்டாம் தலைமுறை ஐ-3 பிராசசர், எச்-61 போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அன்றைக்கு நடுத்தர வர்க்கத்து வீடுகளில் பாதிக்கு மேல் இதே ஜாதகம்தான். ஒரே ஒரு வித்தியாசம், என் அப்பா வைத்த நிபந்தனை: பின்பக்கம் பழைய பிரின்டர் போர்ட், அந்த 25 துளை உள்ளது, கட்டாயம் இருக்க வேண்டும். கடைத் தம்பி தலையைச் சொறிந்தான். “சார், இப்ப எல்லாம் யுஎஸ்பிதான். இதை யாரும் கேக்கறதே இல்ல.” அப்பா கேட்டார். கிடைத்தது.

அந்தப் போர்ட்டில்தான் எங்கள் வீட்டின் தலையெழுத்து செருகியிருக்கிறது. தபால் துறையில் ஓய்வு பெற்ற அப்பாவுக்கு ஜோசியம் பொழுதுபோக்கு. தொண்ணூறுகளில் ஃபிளாப்பியில் வாங்கிய ஜாதக மென்பொருள் ஒன்று வைத்திருக்கிறார். யாரும் நகலெடுத்துவிடக் கூடாது என்று அதனோடு ஒரு பூட்டும் கொடுத்தார்கள், டாங்கிள் என்பார்கள். தீப்பெட்டி அளவு. அது பிரின்டர் போர்ட்டில் இருந்தால்தான் மென்பொருள் வாய் திறக்கும். டாங்கிளின் முதுகில் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். கர் கர்ரென்று ஜாதகம் அச்சாகி மடிப்பு மடிப்பாக வந்து விழுந்தால்தான் தெருக்காரர்களுக்கு நம்பிக்கை. அப்பா பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு கையாலேயே கட்டம் போடுவார், துல்லியமாக. ஆனால் கையால் எழுதியதைக் கொடுத்தால், “கம்ப்யூட்டர்ல எடுத்துக் குடுங்க சார்” என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

கம்ப்யூட்டருக்கு வந்த நோய்களில் பாதி, கேட்டால் சிரிப்பு வரும் செலவில் தீர்ந்தவை. அதுதான் பெரிய தொந்தரவு. ஒரு நாள் திரையே வராமல் நீளமாகப் பீப் அடித்தது. பழுது பார்க்கும் தம்பி வந்தார், ராமைக் கழற்றினார், மகளின் பென்சில் பெட்டியிலிருந்து ரப்பர் வாங்கித் தங்க நிறக் கால்களைத் தேய்த்தார், திரும்பச் செருகினார். ஓடியது. வெளிநாட்டுத் தொழிற்சாலையில் முகமூடி போட்டுக்கொண்டு செய்த பொருளை மூணு ரூபாய் ரப்பர் காப்பாற்றியது. (காற்றுப்பட்டு அந்தக் கால்களில் படியும் மெல்லிய அழுக்கு தொடர்பைத் தடுக்கும், தேய்த்தால் போய்விடும். மந்திரம் ஒன்றும் இல்லை.) இன்னொரு முறை தானாகவே அணைந்தது. திறந்தால் உள்ளே ஒரு சாணகலத் தூசி, பல்லி முட்டை இரண்டு, ஒரு காலத்தில் எறும்புச் சாரி போன வழி. பிராசசருக்கும் அதைக் குளிரவைக்கும் அலுமினியத்துக்கும் நடுவே தடவியிருந்த பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. சூடு தாங்காவிட்டால் பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் படுத்துவிடும். புதுப் பசை தடவியதும் எழுந்து உட்கார்ந்தது.

“இதைப் பேரீச்சம்பழத்துக்குப் போடலாம்னா விடமாட்டேங்கறீங்க” என்று என் மனைவி ஒவ்வொரு தடவையும் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் தம்பி வந்து நூறோ இருநூறோ வாங்கிக்கொண்டு அவள் வாதத்தைக் கெடுத்துவிடுவார். ஐயாயிரம் கேட்டிருந்தால் முடிவு சுலபம். பழைய கம்ப்யூட்டர் அந்த அளவுக்கு ஒருபோதும் கெடாது.

எஃப்1 புகாருக்கு வருகிறேன். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சற்றுத் தடித்த பேட்டரி ஒன்று இருக்கிறது. சிஆர் 2032 என்று பெயர், 3 வோல்ட். கம்ப்யூட்டரை நிறுத்திச் சுவிட்சையும் அணைத்த பிறகு அதன் கடிகாரத்தை ஓட்டுவது இதுதான். இது தீர்ந்தால், ராத்திரி அணைத்த கம்ப்யூட்டருக்குக் காலையில் எழுந்ததும் தான் எந்த வருஷத்தில் இருக்கிறோம் என்று தெரியாது. தொழிற்சாலையில் எழுதிவைத்த தேதிக்குப் போய்விடும். எங்களுடையது 2009 ஜனவரி 1-க்குப் போனது.

முதலில் பாதிக்கப்பட்டவள் என் மனைவி. மின்கட்டணம் கட்டப் போனவளிடம் வங்கித் தளம் பாதுகாப்பற்றது என்று பிரவுசர் எச்சரித்தது. தளத்தின் மேல் குற்றமில்லை. ஒவ்வொரு தளத்திடமும் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் உண்டு. 2009-இல் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் 2025-இல் கொடுத்த சான்றிதழை நீட்டினால், இது இன்னும் பிறக்கவே இல்லையே என்றுதான் சொல்வான். அவள் கைபேசியில் கட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அப்பாவுக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அவர் மென்பொருள் இணையத்தைப் பார்த்ததே இல்லை. கம்ப்யூட்டர் சொல்லும் தேதியை அப்படியே நம்பிக் கோசாரம் போடும். அன்று மாலை மாடி வீட்டுக்காரர் வந்தார். மீன ராசி. ஏழரைச் சனி என்று டிவியில் கேட்டதிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா பிறந்த நேரத்தைத் தட்டினார். பிரின்டர் கர்ரென்றது. 2009 ஜனவரியில் சனி இருந்தது சிம்மத்தில். மீனத்துக்கு ஆறாம் இடம். ஆறில் சனி என்றால் கேட்கவா வேண்டும்? எதிரிகள் ஒழிவார்கள், கடன் அடையும், வழக்கு ஜெயிக்கும். தாளை இரண்டு முறை படித்த மாடி வீட்டுக்காரர், அப்பாவின் காலில் விழாத குறை. மறுநாள் காலை அரைக் கிலோ மைசூர்பாகு வந்தது.

மைசூர்பாகு பாதி தீர்ந்த நிலையில்தான் அப்பா தாளின் அடியில் இருந்த தேதியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“மேல போய்ச் சொல்லிட்டு வரட்டுமாப்பா?” என்றேன்.

“என்னன்னு சொல்லுவே? நீங்க பதினாறு வருஷம் முன்னாடி நல்லா இருந்தீங்கன்னா? சும்மா இரு. மனுஷன் இப்பதான் நிம்மதியாத் தூங்கறார்.”

பேட்டரி மாற்றினோம். ஐம்பது ரூபாய்க்குள். கம்ப்யூட்டர் 2025-க்குத் திரும்பியது. மாடி வீட்டுக்காரரை நாங்கள் திருப்பிக் கூட்டிவரவில்லை.

மிச்சம் இருந்தது வேகம். மகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறவள், வைத்தியத்தை அவளிடம் விட்டோம். “ராம் சேருங்கப்பா, 8 ஜிபி ஆக்கிடலாம்” என்றாள். அரை மணி நேரத்தில் வாபஸ் வாங்கினாள். நாங்கள் போட்டிருப்பது 32 பிட் விண்டோஸ். வீட்டு விண்டோஸில் அந்த வகை 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு ராம் வைத்தாலும் திரும்பிப் பார்க்காது. அப்படியானால் 64 பிட்டுக்கு மாறலாமே? மாறலாம். ஆனால் தாத்தாவின் ஜாதகம் 16 பிட் காலத்து மென்பொருள். 32 பிட் விண்டோஸ் போனால் போகட்டும் என்று அதை ஓட்டும். 64 பிட் விண்டோஸ் அதை வாசற்படி ஏற விடாது. லினக்ஸ் போடலாம், சென்னை சி-டாக்கே செய்த பாஸ் லினக்ஸ் இருக்கிறது, பழைய இயந்திரத்துக்கும் ஒத்துக்கொள்ளும் என்றாள். அதில் டாங்கிளை யார் கூப்பிட்டுப் பேசுவது? எந்தத் தெருவில் நுழைந்தாலும் முட்டுச்சந்தில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

உருப்படியான யோசனை பழுது பார்க்கும் தம்பி சொன்னதுதான். ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போடுவது. ஹார்ட் டிஸ்க் என்பது நிமிஷத்துக்கு 7,200 முறை சுற்றுகிற தட்டு. எதைக் கேட்டாலும் ஊசி ஒன்று தட்டின் மேல் ஓடித் தேட வேண்டும். எஸ்எஸ்டியில் சுற்றவும் ஒன்றுமில்லை, ஓடவும் ஒன்றுமில்லை. பழைய தட்டில் இருந்ததை அச்சு மாறாமல் நகலெடுத்துப் பொருத்தினார். ஜாதகம் உட்பட எல்லாம் அப்படியே. பழைய கம்ப்யூட்டருக்குச் செலவு செய்ய விரும்புகிறவர்கள் ராமிலோ பிராசசரிலோ கை வைக்கும் முன் இதைச் செய்யட்டும்; வேறெந்த வைத்தியத்திலும் காசுக்கு இவ்வளவு பலன் கிடைக்காது. போர்டில் கெப்பாசிட்டர்கள் வயிறு உப்பி நின்றால் மட்டும் இதுவும் வேண்டாம், அது வேறு கதை.

பொத்தானை அமுக்கினால், பால் பாத்திரத்தை எடுப்பதற்குள் திரை வந்து நின்றது. அப்பா ஆடிப்போய்விட்டார். மனைவி நொந்துபோனாள். “மெதுவா இருக்குன்னு சொல்லித்தானே மாத்தலாம்னு இருந்தேன்? அதுலயும் மண்ணைப் போட்டுட்டீங்களே!”

அவள் பக்கம் வந்து நின்றது 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் அன்றோடு நின்றன. நீட்டித்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கும் நாள் குறித்திருந்தார்கள். விண்டோஸ் 11-க்குப் போக முடியுமா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. மகள் அதை ஓட்டினாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு இது பத்துப் பொருத்தம் பார்ப்பதாகவே பட்டிருக்க வேண்டும்.

“ராம் 4 ஜிபி கேக்குது தாத்தா. இருக்கு.”

“தினப் பொருத்தம் ஆச்சு.”

“இடம் 64 ஜிபி. இருக்கு.”

“கணம்.”

“டிபிஎம் 2.0 வேணுமாம். பாதுகாப்புக்கு ஒரு சிப்பு. இல்லை. பிராசசர் எட்டாம் தலைமுறையாவது இருக்கணும். நம்மளது ரெண்டு.”

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். “ரஜ்ஜு தட்டுது. மத்த ஒன்பதும் இருந்தாலும் பிரயோஜனமில்லை, விட்டுடு.”

அடுத்த சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து இறங்கினால், முன்பு ரேடியோ உதிரி விற்ற அந்தச் சந்துகளில் இன்று கிடைக்காத ஒயர் இல்லை. அலுவலகங்கள் கழித்துப்போட்ட சின்னப் பெட்டிகள், எட்டாம் தலைமுறை, துடைத்து அடுக்கியிருந்தார்கள். நம் வீட்டு வேலைக்கு அது போதும் என்றே எனக்கும் பட்டது. காய்கறி விலை பார்க்கவும் மின்கட்டணம் கட்டவும் புதுசு எதற்கு? டாங்கிளைப் பற்றிக் கேட்டேன். கடைக்காரர் யுஎஸ்பியிலிருந்து பிரின்டர் போர்ட்டுக்குப் போகும் ஒயர் ஒன்றை எடுத்து வைத்தார். வைத்தவரே திரும்ப எடுத்துக்கொண்டார். “இது பிரின்டருக்கு மட்டும்தான் சார் ஓடும், பூட்டு இதுல திறக்காது.” அந்த நேர்மைக்காகவே அவரிடம் வாங்கத் தோன்றியது. பழசை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன்.

“என்ன கான்ஃபிகரேஷன் சார்?”

சொன்னேன்.

“எத்தனை கிலோ இருக்கும்?”

வீட்டில் அன்றிரவே சபை கூட்டித் தீர்ப்பைச் சொன்னேன். வங்கி, பில், மகளின் பாடம் எல்லாம் புதிதாக வரும் சின்னப் பெட்டிக்கு. திருத்தம் நின்றுபோன கம்ப்யூட்டரில் பணத்தைத் தொடக் கூடாது. பழையதன் இணைய ஒயரைப் பிடுங்கிவிடுவோம். வெளியுலகத்தோடு பேச்சுவார்த்தை இல்லாத கம்ப்யூட்டருக்கு வைரஸ் பயமும் அவ்வளவாக இல்லை. பென் டிரைவையும் கிட்டே கொண்டுபோகக் கூடாது. அது பாட்டுக்கு ஜாதகம் மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.

எனக்கு இது சாலமன் தீர்ப்பாகப் பட்டது. மனைவிக்குப் படவில்லை. ஹாலில் இருப்பது ஒரே மேஜை. அதில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், கத்துகிற யுபிஎஸ் என்றால், வருகிறவர்களுக்குக் காப்பியை எங்கே வைப்பது? “எத்தனை நாளைக்குத்தான் இழுத்துட்டு இருக்கும்? இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கறதுக்கு ஒரு மேஜையா?”

அப்பா எதுவும் சொல்லாமல் அறைக்குள் போய் ஒரு தாளோடு வந்தார். மடிப்பு மடிப்பான தாள், ஓரத்தில் ஓட்டை. கம்ப்யூட்டரின் ஜாதகம். 2012 விஜயதசமி, மாலை நாலு மணிக்கு முதன்முதலில் பொத்தானை அமுக்கியதை நாட்குறிப்பில் எழுதிவைத்திருந்தாராம்.

“லக்னம் மீனம். எட்டாமிடம் துலாம். எட்டுல யாரு? சனி. அதுவும் உச்சம். எட்டுல சனி இருந்தா ஆயுசு தீர்க்கம்மா, நான் சொல்லலை, சாஸ்திரம் சொல்லுது. இது உன்னையும் என்னையும் பார்த்துட்டுதான் போகும்.”

மனைவி தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள். அடியில் இருந்த தேதியையும் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது.

“மாமா, இந்த ஆயுசுக் கணக்கை எந்தக் கம்ப்யூட்டர்ல போட்டீங்க?”

“அதுலதான்மா. தன்னோட ஆயுசு அதுக்குத் தெரியாதா?”