ஒன்று பெரிதா, பூஜ்யம் பெரிதா?

போடிநாயக்கனூரில் எம்.எஸ்சி. கணிதம் படிக்கும் பெண்ணை அடையாளம் காண ஐ.டி. கார்டு தேவையில்லை. "இன்னைக்குக் கடையெல்லாம் அடைப்பு" என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்லட்டும். "எல்லாக் கடையும்னு சொல்லாதீங்கத்தை. மருந்துக்கடை திறந்திருக்கு. ஒண்ணு திறந்திருந்தாலே நீங்க சொன்னது தப்பு" என்று பதில் வந்தால், அவளேதான். ரியல் அனாலிசிஸ் பேப்பர் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் உறுதி.

பி.எஸ்சி. வரை இப்படி இல்லை. தொகையீடு என்றால் சூத்திரத்தைப் போட்டு, விடையை எழுதி, அடிக்கோடு இழுத்துவிட்டு எழுந்துவருவாள். மதுரைக்குப் போய் எம்.எஸ்சி. சேர்ந்ததும் கைக்கு வால்டர் ரூடின் வந்தார், ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸாக. அந்தப் புத்தகத்தை அவர் 1953ல் வெளியிட்டார். 1976ல் வந்த மூன்றாம் பதிப்புதான் இன்றும் உலகம் முழுக்க மாணவர்களை அழவைக்கிறது. அதன் முதல் அத்தியாயத்திலேயே ஒன்று பூஜ்யத்தைவிடப் பெரியது என்பதற்கு நிரூபணம் இருக்கிறது. வாரக்கடைசியில் ஊருக்கு வந்தவளிடம் அம்மா கேட்டாள்:

"இந்த வாரம் என்னாத்தா படிச்சீங்க?"

"ஒண்ணு பூஜ்யத்தைவிடப் பெருசுன்னு நிரூபிச்சோம்மா."

"இதுக்கு மதுரை வரைக்குமா போகணும்?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. கணித உலகமும் நெடுநாள் அம்மா கட்சியில்தான் இருந்தது. கண்ணால் பார்த்ததை நம்பியது. 1872ல் வையர்ஸ்ட்ராஸ் பெர்லின் அகாதெமியில் ஒரு வளைகோட்டை முன்வைத்தார். எங்கும் அறுபடாத கோடு. ஆனால் எந்தப் புள்ளியிலும் தொடுகோடு வரைய முடியாது. பிரெஞ்சுக் கணிதர் எர்மீட், இப்படிப்பட்ட சார்புகளைக் கண்டு அஞ்சி முகத்தைத் திருப்பிக்கொள்வதாக நண்பருக்குக் கடிதமே எழுதினார். இவளுக்கும் திருப்பிக்கொள்ள ஆசைதான். செமஸ்டர் கட்டணம் கட்டியாகிவிட்டது.

அன்றிலிருந்து படத்தை நம்புவதில்லை. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போகும்போதும் சும்மா இருப்பதில்லை. போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. மற்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிடும் நேரத்தில் இவள் டிரைவரிடம் சொல்கிறாள்: "அண்ணே, போடி ஆயிரம் மீட்டருக்குக் கீழே, மெட்டு அதுக்கு மேலே. அப்ப நடுவுல ஒரு இடத்துல நாம சரியா ஆயிரம் மீட்டர் உயரத்துல இருந்தே ஆகணும்."

"எந்த வளைவுலம்மா?"

"அதைத் தேற்றம் சொல்லாதுண்ணே. இருக்குன்னு மட்டுந்தான் சொல்லும்."

போல்சானோ 1817ல் நிரூபித்த இடைமதிப்புத் தேற்றம் இது. டிரைவருக்கு வியப்பே இல்லை. வரும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது என்ற வகையைப் போடிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். 2010 கடைசியில் நின்ற ரயில் அகலப்பாதையாகித் திரும்பி வந்தது 2023 ஜூனில். பொட்டிப்புரத்து மலைக்குள் வரவேண்டிய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2015 ஜனவரியில். மலை இன்னும் மலையாகவே இருக்கிறது.

இவள் பாச்சா பலிக்காத ஒரே ஆள், ஏலக்காய் கொட்டடி வைத்திருக்கும் பெரியப்பா. ஒருநாள் சல்லடைப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அவருக்கு லெபேக் தொகையீட்டை விளக்க ஆரம்பித்தாள். லெபேக் 1902ல் பாரிஸில் முனைவர் பட்ட ஆய்வேடாகக் கொடுத்தது அது. கடனைத் தீர்க்கப் பையிலிருந்து காசை எடுக்கிற கதையாக அவரே பின்னால் அதை விளக்கியிருக்கிறார். இவள் காசுக்குப் பதில் காயை வைத்தாள்.

"மூட்டைக்குள்ள கையை விட்டு, வர்ற வரிசையிலயே ஒவ்வொரு காய்க்கும் விலை போட்டுக் கூட்டிக்கிட்டே போனா, அது ரீமான் முறை பெரியப்பா. லெபேக் அப்படிச் செய்யலை. மொதல்ல எட்டு எம்.எம். காயெல்லாம் ஒரு குவியல், ஏழு எம்.எம். ஒரு குவியல், ஆறு ஒரு குவியல். ஒவ்வொரு குவியலையும் எடை போட்டு, அதது விலையால பெருக்கிக் கூட்டினாரு."

பெரியப்பா சல்லடையை நிறுத்தவில்லை. "வேற எப்படித்தா கூட்டுவாங்க? ஒவ்வொரு காயா விலை போட அந்த ஆளுக்கு என்ன, பைத்தியமா?"

ரீமானுக்கு இப்படியொரு மதிப்புரை எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைத்திருக்காது. விடாமல், 1905ல் வித்தாலி கண்ட, எடையே போட முடியாத கணத்தைப் பற்றியும் சொல்லிப் பார்த்தாள். பெரியப்பா முதல்முறையாக நிமிர்ந்தார். "எடை போட முடியாத குவியலா? லாட் நம்பர் எப்படிப் போடுவாங்க?" கேள்வி சரியானதே. அளவைக் கோட்பாடும் அப்படிப்பட்ட கணங்களுக்கு லாட் நம்பர் தருவதில்லை, வாசலிலேயே நிறுத்திவிடும்.

அப்பாவிடம் வேறு பாடம். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் காய் கிலோ 7,000 ரூபாய் தொட்டதை அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இவள் குறுக்கிட்டாள்: "அது மேக்ஸிமம்ப்பா. யாரோ ஒருத்தர் லாட்டுக்காவது கிடைச்சாத்தான் மேக்ஸிமம். கிட்ட கிட்ட நெருங்கும், ஆனா யாருக்குமே கைக்கு எட்டலைன்னா அது சுப்ரீமம்." அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப எனக்கு வருசா வருசம் கிடைக்கிறது சுப்ரீமம்தான்." மூன்று வாரமாக வகுப்பில் புரியாத வேறுபாடு இவளுக்கு அன்றைக்குப் புரிந்தது.

கல்யாண வீடுகளில்தான் சோதனை. "இதைப் படிச்சா என்ன வேலைத்தா?" சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.ஆர்.எஸ். வரதன் 2007ல் ஏபெல் பரிசு வாங்கியதையும், அவருடைய நிகழ்தகவு முழுக்க லெபேக் போட்ட அஸ்திவாரத்தில் நிற்பதையும் சொல்வாள். "அவரு நம்ம போடியா?" என்பார்கள். இல்லை என்றதும் பேச்சு பந்திக்குப் போய்விடும். "ராமானுஜம் மாதிரி வருவே" என்று யாராவது வாழ்த்தினாலும் விடமாட்டாள், அவர் எஃப்.ஏ. தேர்விலேயே தேறவில்லை என்று திருத்துவாள். வாழ்த்தியவர் மொய் எழுதப் போய்விடுவார்.

உண்மையான வேலைக்கு வழி என்னவோ டி.ஆர்.பி., நெட் தேர்வுகள்தான். சி.எஸ்.ஐ.ஆர். நெட் கணிதத் தாளில் மூன்றாம் பகுதி ஒன்று உண்டு. 60 கேள்வியில் 20 எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4.75 மதிப்பெண். நான்கு விடைகளில் எத்தனை சரி என்று சொல்லமாட்டார்கள். ஒன்றும் இருக்கலாம், நான்கும் இருக்கலாம். சரியானவை அத்தனையையும் குறித்தால்தான் மார்க்கு. மூன்றில் இரண்டைக் கண்டுபிடித்தவளுக்கும் ஒன்றுமே எழுதாதவளுக்கும் ஒரே பூஜ்யம். அத்தையின் கடையடைப்பில் மருந்துக்கடையைத் தேடிய பழக்கம் இவளுக்குச் சோறு போடக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

வீட்டில் இப்படியொரு பிள்ளை இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறாளே என்று காய் எடுப்புக் கூலிக் கணக்கை இவளிடம் கொடுத்துவிடாதீர்கள். போன சீசனில் பெரியப்பா கொடுத்தார். பதினொரு பேர் கூலியை இரண்டு முறை கூட்டி, இரண்டு விடை கொண்டுவந்தாள். ஒன்று நிச்சயம் தப்பு என்பதை மட்டும் குறையில்லாமல் நிரூபித்தாள்.